36 டிகிரிதானே என்று இருந்துவிட வேண்டாம்

கேள்வி: "எங்கள் ஊர் சிதம்பரம் பக்கம். மூன்று ஏக்கர் கரும்பு. கட்டிங் ஆர்டர் ஏப்ரல் கடைசியில்தான் கிடைத்தது. வெட்ட வந்தவர்களில் ஒருவர் காலை 11 மணிக்கே கால் பின்னி விழுந்துவிட்டார். டி.வி.யில் அன்றைக்கு 36 டிகிரி என்றுதான் சொன்னார்கள். வேலூரில் 40, 41 அடிக்கும்போதும் ஆட்கள் வேலை செய்யத்தானே செய்கிறார்கள்? எத்தனை டிகிரிக்கு மேல் போனால் வேலையை நிறுத்த வேண்டும்? அதை நாமே அளக்க முடியுமா?"
- வாசகர், கடலூர் மாவட்டம்.

பதில்: விழுந்தவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. நலமாக இருப்பார் என்று நம்புகிறேன்.

டி.வி.யில் சொல்லும் 36 டிகிரி உங்கள் கரும்புக் காட்டு வெப்பம் அல்ல. வானிலை நிலையத்தில், சுமார் நாலடி உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் நிழலில் எடுத்த அளவு அது. உங்கள் ஆட்கள் நிற்பது நிழலில் இல்லை. இரண்டு பக்கமும் ஆளுயரக் கரும்பு, காற்று நுழையாது. சோகை கிழிக்கும் என்பதால் முழுக்கை சட்டை வேறு.

அதைவிட முக்கியமானது காற்றில் இருக்கும் ஈரம். மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறது? பானைக்கு வெளியே கசியும் ஈரம் ஆவியாகிப் போகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. நம் உடம்பும் வியர்வையை வைத்து இதைத்தான் செய்கிறது. கடற்கரைப் பக்கம் புழுக்கமான நாளில் பானைத் தண்ணீர் சரியாகக் குளிராது, கவனித்திருப்பீர்கள். அன்றைக்கு உடம்பும் குளிராது. வியர்வை சொட்டிக் கீழே விழுமே தவிர, ஆவியாகாது. வேலூர் 40-ல் தாக்குப்பிடிப்பவர் சிதம்பரம் 36-ல் விழுவதற்குக் காரணம் இதுதான்.

இதையெல்லாம் ஒரே எண்ணில் பிடிக்க 1950-களில் அமெரிக்காவில் ஒரு முறை கண்டுபிடித்தார்கள். பாரிஸ் ஐலண்ட் என்ற இடத்தில் மரைன் படை வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது பலர் வெயிலில் சுருண்டு விழுந்ததால் வந்த யோசனை. மூன்று அளவுகள் வேண்டும். ஒன்று, நிழலில் வைத்த சாதாரண வெப்பமானி. இரண்டு, குமிழில் ஈரத்துணி சுற்றித் திறந்த வெளியில் வைத்த வெப்பமானி. மூன்று, கருப்பு வண்ணம் பூசிய செப்பு உருண்டைக்குள் செருகி வெயிலில் வைத்த வெப்பமானி. ஈரத்துணி அளவில் 10-க்கு 7 பங்கு, கருப்பு உருண்டையில் 2 பங்கு, நிழல் அளவில் 1 பங்கு எடுத்துக் கூட்ட வேண்டும். நாம் தினமும் கேட்கும் நிழல் வெப்பத்துக்குக் கிடைத்த மரியாதை பத்தில் ஒன்றுதான், பாருங்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். உள் மாவட்டத்தில் வறண்ட நாள்: நிழலில் 40, ஈரத்துணி 24, உருண்டை 52. கூட்டினால் 31.2. கடலோரத்தில் ஒரு நாள்: நிழலில் 34, ஈரத்துணி 30, உருண்டை 46. கூட்டினால் 33.6. ஆறு டிகிரி குறைவான நாள்தான் ஆளைக் கூடுதலாக வாட்டுகிறது.

எத்தனைக்கு மேல் நிறுத்துவது என்பது வேலையைப் பொறுத்தது. கரும்பு வெட்டு கடின வேலை. வெயிலுக்குப் பழகிய ஆளுக்கே, இந்தக் கூட்டு எண் 26-ஐத் தாண்டினால் இடைவிடாத கடின வேலை கூடாது என்கிறது சர்வதேசத் தர அளவு. 27.5 வந்தால் ஒரு மணி நேரத்தில் முக்கால் மணிக்கு மேல் வெட்டக் கூடாது. 29-ல் அரை மணி. 30.5-ல் கால் மணி. அதற்கு மேல் அரிவாளைக் கீழே வைப்பதுதான் சரி.

இதற்கென்றே கையடக்கக் கருவிகள் விற்கிறார்கள். ஆனால் ஒரு விவசாயி தனியாக வாங்கும் விலையில் இல்லை. உழவர் உற்பத்தியாளர் குழு சார்பில் ஒன்று வாங்கலாம். அதுவரை பட்டுப்புழு வளர்ப்பவர்களிடம் கேளுங்கள். வளர்ப்பு மனைச் சுவரில் உலர் குமிழ், ஈரக் குமிழ் என்று இரட்டை வெப்பமானி மாட்டியிருப்பார்கள். (புழுவுக்குப் பார்க்கிற ஈரத்தை ஆளுக்கு யாரும் பார்ப்பதில்லை!) துணி சுத்தமாக இருக்க வேண்டும், ஈரம் காயக் கூடாது. முதலில் நிழலில் வைத்து உலர் குமிழ் அளவு, பிறகு வெட்டும் இடத்தில் வைத்து ஈரக் குமிழ் அளவு என்று எடுங்கள். கருப்பு உருண்டைக்குப் பதிலாக, சுள்ளென்ற வெயிலில் நிழல் அளவுடன் 10 சேர்த்துக்கொள்ளுங்கள். தோராயம்தான், உண்மையில் இதைவிட ஏறவும் செய்யும். உங்கள் பக்கம் காலை 9 மணிக்கு நிழலில் 31, ஈரக் குமிழில் 26 என்று வைத்தால்கூட கூட்டு எண் 29.5 வந்துவிடுகிறது. அதாவது, 9 மணிக்கே அரை மணி வேலைக்கும் குறைவு.

எனவே கோடை வெட்டை விடிந்ததும் தொடங்கி ஒன்பது, ஒன்பதரைக்குள் முடிப்பதும், மிச்சத்தை மாலை நாலு மணிக்கு மேல் பார்ப்பதும்தான் வழி. இருட்டில் தொடங்க வேண்டாம், கரும்பில் பாம்பு இருக்கும். வரப்பில் நாலு கழி நட்டுப் படுதா கட்டிக் கொடுங்கள். கால் மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். மொத்தமாக ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போக வேண்டாம்.

இங்கே கூலிப் பிரச்னை இருக்கிறது. டன் கணக்கில் கூலி வாங்குபவரை உட்காரச் சொன்னால் அவருக்கு நஷ்டம், உட்கார மாட்டார். ஓய்வு நேரத்துக்கும் சேர்த்து டன்னுக்கு எவ்வளவு என்று மேஸ்திரியிடம் முதலிலேயே பேசி முடியுங்கள். கசக்கத்தான் செய்யும். ஆனால், இந்தச் செலவை ஆள் தன் உடம்பிலிருந்து கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன். நிகரகுவா, எல் சால்வடார் நாடுகளில் கரும்பு வெட்டும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் சிறுநீரகம் பழுதாகி இறந்திருக்கிறார்கள். கடும் வெயிலில் தண்ணீரும் ஓய்வும் இல்லாமல் வேலை செய்வதை முக்கியக் காரணமாக ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். தண்ணீர், ஓய்வு, நிழல் என்ற மூன்றையும் கொடுத்துத்தான் அங்கே நிலைமையை மாற்றி வருகிறார்கள்.

விழுந்தவர் அன்றைக்குத்தான் வேலைக்குப் புதிதாக வந்தவரா? வெயில் தாக்கும் ஆட்களில் பெரும்பாலோர் முதல் சில நாட்களில்தான் விழுகிறார்கள். புதிய ஆளுக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை, அடுத்த நாள் இரண்டு பங்கு என்று ஏற்றுங்கள்.

இனி ஒருவர் தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை காத்திருக்காமல் உடனே குளிர வையுங்கள். நிழலுக்குத் தூக்கி, சட்டையைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். வியர்க்கிறதே, ஒன்றும் ஆகாது என்று நினைக்காதீர்கள். வியர்வை இருந்தாலும் அது வெப்பத் தாக்குதலாக இருக்கலாம். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது. மும்முனை மின்சாரம் அந்த நேரம் பார்த்து இருக்காது. காலையிலேயே ஒரு டிரம் நிரப்பி வயலோரம் வைத்துவிடுங்கள்.

கேள்வி: "பள்ளியில் மதியம் 3 மணிக்குக் கபடிப் பயிற்சி கொடுக்கிறார்கள். மே மாதத்தில் இது சரியா?"
- வாசகி, நாகப்பட்டினம்.

பதில்: சரியில்லை. மேலே சொன்ன கூட்டு எண் 32-ஐ எட்டினாலே தொழில்முறைக் கால்பந்து ஆட்டங்களில்கூடக் குளிர்விக்கும் இடைவேளை விடுகிறார்கள். உங்கள் ஊரில் மே மாதம் 3 மணிக்கு அந்த எண்ணை எட்டுவது சாதாரணம். காலை 6 மணிக்கு மாற்றச் சொல்லுங்கள். விடுமுறை முடிந்து வந்த பிள்ளைகளுக்கு முதல் வாரம் பாதி நேரம் போதும்.