டி-ஷர்ட் விளம்பரம்: எப்போது நிறுத்துவது?

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்து, இன்டர்நெட் இணைப்பும் கிடைத்துவிட்டால், அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். இதை வைத்து வீட்டிலிருந்தே ஏதாவது சம்பாதிக்க முடியுமா? இதற்குப் பலரும் தேர்ந்தெடுக்கும் வழிகளில் ஒன்று டி-ஷர்ட் விற்பனை. நம் மாநிலத்தில் இது எளிதான தொழிலாகவே தெரிகிறது. பின்னலாடைக்குப் பெயர் பெற்ற திருப்பூர் இங்கேயே இருக்கிறது. அங்கிருந்து பிளெயின் டி-ஷர்ட்களை வாங்கலாம். கம்ப்யூட்டரில் டிசைன் செய்து, பிரிண்ட் போடும் கடையில் கொடுத்தால், கேட்ட படத்தையோ பெயரையோ அச்சிட்டுத் தந்துவிடுவார்கள். கூரியரில் அனுப்பிவிடலாம். வாடிக்கையாளரைப் பிடிப்பது மட்டும்தான் பாக்கி. அதற்குத்தான் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், கூகுள் விளம்பரங்கள்.

இந்த விளம்பரங்களை எப்படித் தொடங்குவது என்று சொல்லித் தர நிறையப் பேர் இருக்கிறார்கள். எப்போது நிறுத்துவது என்று சொல்பவர்கள் குறைவு. என்னைக் கேட்டால், கையில் உள்ள கொஞ்சப் பணத்தை வைத்துத் தொழில் தொடங்குபவருக்கு இரண்டாவதுதான் முக்கியம். என் கருத்து இதுதான்: எவ்வளவு செலவானால் நிறுத்துவது என்பதை, விளம்பரத்தைத் தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துவிட வேண்டும். ஓடத் தொடங்கிய பிறகு அந்த முடிவை நிதானமாக எடுப்பது கடினம்.

தானாக நிற்காது

செய்தித்தாளில் ஒரு நாள் விளம்பரம் கொடுத்தால், அது அந்த நாளோடு முடிந்துவிடும். மறுபடி வேண்டும் என்றால் நாம்தான் மறுபடி பணம் கட்ட வேண்டும். இன்டர்நெட் விளம்பரம் இதற்கு நேர்மாறானது. முடியும் தேதி எதையும் கொடுக்காவிட்டால், நாம் நிறுத்தும் வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். பணமும் கார்டிலிருந்து போய்க்கொண்டே இருக்கும்.

கூகுள் நிறுவனம் 2000 அக்டோபரில் ஆட்வேர்ட்ஸ் என்ற பெயரில் தொடங்கிய விளம்பரச் சேவைக்கு, 2018 முதல் கூகுள் ஆட்ஸ் என்று பெயர். இதில் தினசரி பட்ஜெட் 200 ரூபாய் என்று கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். பலரும் நினைப்பது போல இது அன்றாட உச்சவரம்பு அல்ல; சராசரி மட்டுமே. ஒரு நாளில் இதைப் போல இரண்டு மடங்கு வரை செலவாகலாம். மாதக் கணக்கில் 30.4 நாட்களுக்கான தொகையை, அதாவது 6,080 ரூபாயைத் தாண்டாது. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. ஆக, "தினம் 200தானே" என்று விட்ட விளம்பரம், ஒரு மாதத்தில் 7,174 ரூபாயை எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு சட்டையின் கணக்கு

நிறுத்தும் தொகையைக் கண்டுபிடிக்க, ஒரு டி-ஷர்ட்டில் உங்களுக்கு என்ன மிஞ்சுகிறது என்பது தெரிந்தாக வேண்டும். உதாரணத்திற்கு, விற்பனை விலை 499 ரூபாய். பிளெயின் டி-ஷர்ட் 180, பிரிண்ட் 80, பேக்கிங்கும் கூரியரும் 90, பணம் பெற்றுத் தரும் சேவைக்கான கட்டணம் 12 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 362 ரூபாய். மீதி 137. திரும்பி வருவது, பிரிண்ட் கெட்டுப் போவது போன்றவற்றிற்கு 17 ரூபாயை ஒதுக்கினால், மிஞ்சுவது 120 ரூபாய். உங்கள் விலைகள் வேறாக இருக்கலாம், கணக்கு இதேதான்.

இந்த 120 ரூபாய்தான் உங்கள் எல்லைக்கோடு. ஒரு டி-ஷர்ட்டை விற்க, வரி உட்பட 120 ரூபாய்க்கு மேல் விளம்பரத்திற்குச் செலவானால், ஒவ்வொரு விற்பனையிலும் கைப்பணத்தைப் போட்டு விற்கிறீர்கள் என்று பொருள். ஒரு கிளிக்கிற்கு 4 ரூபாய் ஆகிறது என்றால், 30 கிளிக்கிற்கு ஒருவராவது வாங்க வேண்டும். 100 கிளிக்கிற்கு ஒருவர்தான் வாங்குகிறார் என்றால், அந்த விற்பனைக்கான விளம்பரச் செலவு 400 ரூபாய். ஆர்டர் வருகிறதே என்று சந்தோஷப்படலாம். ஆனால் ஒரு சட்டைக்கு 280 ரூபாய் நஷ்டம்.

லைக், ஷேர், "சூப்பர் டிசைன்" என்ற கமெண்ட் எதுவும் இந்தக் கணக்கில் வராது. அவை மனதிற்கு இதம் தரும். கூரியர்காரருக்குக் கொடுக்க உதவாது.

மூன்று மடங்கு விதி

சரி, விற்பனையே ஆகவில்லை என்றால் எவ்வளவு நேரம் பொறுப்பது? இதற்குப் புள்ளியியலில் எளிதான ஒரு விதி இருக்கிறது. மூன்றின் விதி என்பார்கள். ஒரு முயற்சியைப் பலமுறை செய்தும் ஒருமுறை கூடப் பலன் கிடைக்கவில்லை என்றால், 3 என்ற எண்ணை அந்த முயற்சிகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். உண்மையான வெற்றி விகிதம், 95 சதவீத நம்பிக்கையுடன், அதற்கு மேல் இருக்காது என்று கொள்ளலாம்.

நம் உதாரணத்திற்கு வருவோம். 90 கிளிக் வந்தும் ஒரு விற்பனையும் இல்லை. மூன்றை 90ஆல் வகுத்தால், 30க்கு ஒன்று. நமக்குத் தேவைப்பட்ட அளவே அதுதான். அதாவது, இந்த விளம்பரம் நஷ்டமில்லாத அளவையாவது எட்டும் என்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. அந்த 90 கிளிக்கிற்கு ஆன செலவு 360 ரூபாய். ஒரு சட்டையில் மிஞ்சும் 120 ரூபாயைப் போலச் சரியாக மூன்று மடங்கு. எனவே நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவுதான்: மூன்று சட்டைகளின் மீதித் தொகை செலவாகியும் ஒரு சட்டை கூட விற்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். ஐந்து மடங்கு செலவாகி ஒன்றுதான் விற்றிருந்தாலும், ஆறரை மடங்கு செலவாகி இரண்டுதான் விற்றிருந்தாலும் இதே முடிவுதான்.

"கொஞ்சம் பொறுங்கள்" என்பவர்களுக்கு

இந்த இடத்தில் விவரம் தெரிந்தவர்கள் ஓர் ஆட்சேபம் சொல்வார்கள். "விளம்பர சாப்ட்வேர் கற்றுக்கொள்ள நேரம் கொடுக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் எல்லாம் வீண்" என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. பேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் விளம்பரங்களில், தொடக்கத்தில் "லேர்னிங்" என்ற நிலை காட்டப்படும். யார் வாங்குவார்கள் என்பதைச் சாப்ட்வேர் கண்டறியும் கட்டம் அது. இது முடிய, ஒரு வாரத்தில் சுமார் 50 விற்பனை வேண்டும் என்பதுதான் அந்நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்த அளவு.

இதை நம் கணக்கோடு பொருத்திப் பாருங்கள். ஒரு விற்பனைக்கு 120 ரூபாய் வீதம் 50 விற்பனைக்கு, வாரம் 6,000 ரூபாய் தேவை. வரியும் சேர்த்து வாரம் 1,400 ரூபாய் போடுபவருக்கு, எல்லாம் நல்லபடியாக நடந்தாலும் 11 விற்பனைதான் கிடைக்கும். அவருடைய விளம்பரம் எத்தனை வாரம் ஓடினாலும் அந்த 50ஐத் தொடாது. பொறுத்திருக்கச் சொல்லும் அறிவுரை, பெரிய பட்ஜெட் உள்ளவர்களுக்குப் பொருந்தும். வீட்டுக் கம்ப்யூட்டரில் தொழில் செய்பவருக்கு அது முடிவில்லாத காத்திருப்பு.

"ஒரே ஒரு கல்லூரி ஆர்டர் வந்தால் எல்லாவற்றையும் ஈடுகட்டிவிடுமே" என்பது இன்னொரு வாதம். மொத்த ஆர்டர்தான் குறி என்றால், அதற்குத் தனி விளம்பரம் கொடுங்கள். அதற்குத் தனியாக ஓர் எல்லைக்கோடு போடுங்கள். ஒற்றைச் சட்டை விளம்பரத்தின் நஷ்டத்தை, வராத ஆர்டரின் பெயரில் எழுதக் கூடாது.

நிறுத்தும் முன் பார்க்க வேண்டியவை

எல்லைத் தொகையை எட்டியதும் விளம்பரத்தை அழித்துவிட வேண்டாம். "பாஸ்" செய்து வைத்தால் போதும். பிறகு இவற்றைச் சரிபார்த்திடவும்.

1. உங்கள் தளத்தில் நீங்களே ஒரு சட்டையை, மொபைல் போனிலிருந்து ஆர்டர் செய்து, பணமும் கட்டிப் பாருங்கள். பணம் கட்டும் பக்கம் திறக்காமல் இருந்தால், குற்றம் விளம்பரத்தில் இல்லை.

2. விளம்பரத்தைப் பார்த்தவர்கள் வாட்ஸ்அப்பிலோ போனிலோ ஆர்டர் கொடுத்திருக்கலாம். அது விளம்பரக் கணக்கில் வராது. ஆர்டர் கொடுப்பவரிடம் "எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டு, நோட்டில் குறித்து வாருங்கள்.

3. இன்று கிளிக் செய்தவர், சம்பளம் வந்த பிறகு வாங்கலாம். ஆகவே நிறுத்திய பிறகும் ஒரு வாரம் வரும் ஆர்டர்களை இந்தச் செலவோடு சேர்த்துப் பாருங்கள். காத்திருப்பதற்கு விளம்பரம் ஓட வேண்டியதில்லை.

4. பொருள் கையில் கிடைத்ததும் பணம் தருவதாகச் சொன்ன ஆர்டர்களை, பணம் வந்த பிறகே விற்பனையாக எண்ணுங்கள். திரும்பி வந்த பார்சலுக்கும் கூரியர் செலவு உண்டு.

பண்டிகைச் சட்டை என்றால் தொகையோடு தேதியும் வேண்டும். பொங்கல் டி-ஷர்ட் விளம்பரம் பொங்கல் அன்று நின்றால் பயனில்லை. பிரிண்ட் போட்டு, கூரியரில் அனுப்பி, பண்டிகைக்கு முன் கொடுக்க முடிகிற கடைசி நாளோடு நிற்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் விற்கவில்லை என்றால், டிசைனையோ, விலையையோ, யாருக்குக் காட்டுகிறோம் என்பதையோ மாற்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதைப் புதிய விளம்பரமாக, புதிய எல்லைத் தொகையுடன் தொடங்குங்கள்.

போட்ட பணம் போனதுதான்

இத்தனை கணக்கு தெரிந்தும் பலரால் நிறுத்த முடியாததற்குக் காரணம், ஏற்கனவே போட்ட பணம். "4,000 ரூபாய் போட்டாயிற்று, இப்போது நிறுத்தினால் அது வீண்" என்ற எண்ணம். சீட்டாட்டத்தில் விட்டதைப் பிடிக்க உட்காருவது போலத்தான் இது. அரசாங்கங்களும் இதற்கு விலக்கல்ல. பிரிட்டனும் பிரான்சும் 1962ல் ஒப்பந்தம் போட்டு உருவாக்கிய கான்கார்டு விமானம், போட்ட பணத்தை வணிக ரீதியாக மீட்காது என்று தெரிந்த பிறகும் பணம் கொட்டப்பட்டது. பயணிகள் சேவைக்கு வந்தது வெறும் 14 விமானங்கள். 2003ல் சேவையே முடிந்தது. போட்ட பணத்திற்காக மேலும் பணம் போடும் இந்தப் போக்கிற்குக் கான்கார்டின் பெயரே நிலைத்துவிட்டது. அந்த 4,000 ரூபாய், நிறுத்தினாலும் திரும்பாது, தொடர்ந்தாலும் திரும்பாது. கேட்க வேண்டியது, அடுத்த 100 ரூபாய் என்ன கொண்டு வரும் என்பதை மட்டும்தான்.

விளம்பரத்தை நிறுத்துவது கடையை மூடுவதாகாது. மிச்சப்படும் பணத்தில் இன்னொரு டிசைனைச் சோதிக்கலாம். பக்கத்துப் பள்ளிக்கும் கிரிக்கெட் குழுவிற்கும் மாதிரி கொண்டு போகலாம்.

இந்த மாதம் விளம்பரம் தொடங்க இருப்பவர்கள், ஒரு சிறு தாளில் மூன்றை எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டி வையுங்கள்: ஒரு சட்டையில் மிஞ்சும் தொகை, அதன் மூன்று மடங்கு, முடியும் தேதி. விளம்பரம் தயாரிக்கும் பக்கத்தில் அந்தத் தேதியைக் கொடுத்த பிறகே, வெளியிடும் பட்டனில் கிளிக் செய்திடுங்கள்.