பாலம் திறப்பதோடு கதை முடிவதில்லை

முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்தின் மீள்கட்டுமானப் பணியை 2025 செப்டெம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க தொடக்கி வைத்தார். வரவேற்கிறேன். 2009 மே மாதத்தில், போரின் இறுதி நாட்களில், முள்ளிவாய்க்காலிலிருந்து பெருந்திரளான மக்கள் அந்தப் பாலத்தின் வழியாகவே வெளியேறினார்கள். அதன்பின் பதினாறு ஆண்டுகள், சிதைந்த நிலையிலேயே அது பாரம் சுமந்தது. புதிய பாலத்துக்கும் அந்தக் கதி நேர்ந்துவிடக்கூடாது.

கீழே நந்திக்கடலின் உவர்நீர், பக்கத்தில் கடற்காற்று. இத்தகைய இடத்தில் கொங்கிரீட்டுக்குள் ஊறும் உப்பு, உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு, இரும்பைவிடக் கூடுதலான இடம் கேட்கும். அந்த நெருக்கத்தில் கொங்கிரீட் வெடிக்கிறது. வெடிப்பின் வழியே மேலும் உப்பு நுழைகிறது.

உப்பின் இன்னொரு வேலையை விமானத் தொழில் நன்கறியும். அலுமினியத்தோடு துத்தநாகம், மக்னீசியம், செப்பு கலந்த 7075 என்னும் கலப்புலோகம் மிக வலிமையானது. ஆயினும், அதன் உச்ச வலிமைக்குப் பதப்படுத்திய நிலையில், ஓயாத இழுவிசையும் உப்பு கலந்த ஈரமும் ஒன்றுசேர்ந்தால், தாங்கவேண்டிய சுமையில் ஒரு பகுதியிலேயே அது பிளந்துவிடும். உலோகத்தின் நுண்மணிகளுக்கு இடையே மயிரிழை போன்ற வெடிப்பு ஓடும். மேற்பரப்போ பெரிதும் பழுதற்றே தோன்றும். தகைவு அரிப்பு வெடிப்பு என்பது இதுதான்.

பொறியியலாளர்கள் கண்ட தீர்வு சிந்தனைக்குரியது. வெப்பப் பதப்படுத்தலை மாற்றி, வலிமையில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகவே விட்டுக்கொடுத்து, நீடித்த ஆயுளை வாங்கினார்கள். அதன் பின்னும் நம்பிவிடவில்லை, காலந்தவறாமல் சோதிக்கிறார்கள்.

பாலத்தின் நோயும் விமானத்தின் நோயும் வேறு வேறு. படிப்பினை ஒன்றே: வலிமையாகக் கட்டினால் மட்டும் போதாது, உப்பை எதிர்பார்த்துக் கட்டவேண்டும், கட்டியபின் கண்காணிக்கவேண்டும்.

பத்திரிகைத் தொழிலில் அடிக்கல் நாட்டு விழாச் செய்திகள் எத்தனையோ என் மேசைக்கு வந்ததுண்டு. பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கிய செய்தி வந்தது அபூர்வம். வட்டுவாகலில் கம்பியை மூடும் கொங்கிரீட் தடிப்பாகவும் நெருக்கமாகவும் இடப்படவேண்டும். ஆண்டுதோறும் பாலம் பரிசோதிக்கப்பட்டு, அறிக்கை தமிழில் மக்கள் பார்வைக்கு வரவேண்டும். அதற்கான தொகை இப்போதே தனியாக ஒதுக்கப்படவேண்டும். வன்னி மக்கள் சலுகை கேட்கவில்லை. பிள்ளைகளைப் பயமின்றிப் பள்ளிக்கு அனுப்ப ஒரு வழி கேட்கிறார்கள்.