மீதி அரை நாளை யார் தருவது?

மே மாதம் மட்டும் எங்கள் வீட்டு அடுப்பு எரியக் கூடாதா? “பள்ளிக்கு விடுமுறை, உங்களுக்குச் சம்பளம் கிடையாது.” 2025 வரை வருடா வருடம் கேட்டுப் புளித்துப்போன பதில் இது. அதே பள்ளியில் என் பக்கத்து நாற்காலியில் உட்காரும் நிரந்தர ஆசிரியைக்கு அந்த மாதச் சம்பளம் உண்டு. அது அவர் உரிமை, வாங்கட்டும். என் பிள்ளைக்கு மட்டும் மே மாதம் பசிக்காதா?

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் நான் தையல் ஆசிரியை. 2012இல் ஓவியம், தையல், இசை, கணினி, உடற்கல்வி என்று தமிழ்நாடு முழுக்க 16,549 பகுதி நேர ஆசிரியர் பணியிடங்களுக்கு ஆள் எடுத்தார்களே, அதில் ஒருத்தி. சான்றிதழைக் காட்டி, நேர்காணலுக்கு நின்று வந்தவர்கள் நாங்கள். கொல்லைப்புறமாக நுழையவில்லை. அன்று சம்பளம் மாதம் 5,000 ரூபாய். 2014இல் 7,000, பிறகு 7,700, 2021இல் 10,000, 2024இல் 12,500. அந்த 12 வருடத்தில் அரிசி விலை எங்கே போய்விட்டது!

வாரத்துக்கு மூன்று அரை நாள்தானே, மற்ற நேரத்தில் வேறு வேலை பாரேன் என்கிறார்கள். தொண்டியில் எந்த வேலையைப் பார்க்க? பெண்களுக்கு இங்கே கருவாடு காயப்போடுவதும் நண்டு உடைப்பதும்தான். ஆண்கள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விடுகிறார்கள். ராமநாதபுரம் பின்தங்கிய மாவட்டம் என்று 2018இல் ஒன்றிய அரசே பட்டியல் போட்டது. இந்த மண்ணில் அரை நாள் வேலைக்காரிக்கு மீதி அரை நாளை யார் தருவார்கள்? வீட்டில் ஜாக்கெட் தைத்துத்தான் மே மாதத்தைத் தள்ளினேன்.

2021 தேர்தலில் தி.மு.க. தன் 181ஆவது வாக்குறுதியில் எங்களை நிரந்தரமாக்குவதாகச் சொன்னது. நம்பி ஓட்டுப் போட்டோம். அதை நிறைவேற்றக் கேட்டு 2023இல் சென்னையில் பள்ளிக் கல்வித் துறையின் டி.பி.ஐ. வளாகத்தில் உட்கார்ந்த எங்கள் ஆட்களைப் போலீஸ்தான் வந்து அப்புறப்படுத்தியது.

தற்காலிகப் பணியாளருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்கிறவர் மனமுவந்து ஒப்புக்கொள்வதில்லை, குடும்பத்துக்குச் சோறு போடத் தன்மானத்தை விட்டுக்கொடுக்கிறார் என்றும் சொன்னது. நாங்கள் பகுதி நேரம், அந்தத் தீர்ப்பு எங்களுக்குப் பொருந்தாது என்று அரசு வாதாடலாம். எங்களைப் பகுதி நேரமாக்கியது யார்? முழு நாளும் வேலை செய்ய மாட்டோம் என்று நாங்களா சொன்னோம்?

காத்திருந்தே எங்களில் சிலர் செத்துப்போனார்கள். சிலர் ஓய்வூதியம் இல்லாமல் ஓய்வு வயதைத் தாண்டிவிட்டார்கள். மிச்சமிருக்கிறவர்களுக்காவது முழு நேர வேலை கொடுங்கள்.