மலைப்பாதையும் மாணவியரும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள் பெரியோர். விளையாட்டு விழா மேடைகளில் ஆண்டுதோறும் இதைக் கேட்டு வருகிறோம், கைதட்டியும் மகிழ்கிறோம். ஆனால் அந்தச் சுவருக்காக வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்கப்படுகிறது? திங்கள் முதல் வெள்ளி வரை பாடங்கள், மாலையில் சிறப்பு வகுப்பு. சனிக்கிழமை டியூஷன். ஞாயிற்றுக்கிழமை காலை திருப்பலி, பிறகு சீருடை துவைத்தல், வீட்டுப்பாடம், தொலைக்காட்சி, கைப்பேசி. இவற்றுக்கிடையே சுவர் எங்கே நிற்கும்?

நாங்களோ கொடைக்கானலில் வாழ்கிறவர்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், யூகலிப்டஸ் மணக்கும் காற்றில், சோலைக்காடுகளின் நடுவில் எங்கள் வீடுகள் இருக்கின்றன. இந்தக் காற்றை இரண்டு நாள் சுவாசிக்க மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் மக்கள் பணம் செலவழித்து வருகிறார்கள். வாரம் முழுவதும் இங்கேயே இருக்கிற நாங்கள் அந்த மலையை வகுப்பறை ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறோம்! பழம் கையில் இருக்க, பசியோடு உட்கார்ந்திருக்கிற கதைதான்.

இந்நிலை மாற ஒரு வழி உண்டு என்பது எங்கள் கருத்து. அது மலைப்பாதை ஓட்டம். ஆங்கிலத்தில் இதை 'ட்ரெயில் ரன்னிங்' என்கிறார்கள். தார்ச் சாலையிலோ மைதானத்திலோ வட்டமடிக்காமல், மண்பாதையிலும் ஒற்றையடிப் பாதையிலும், ஏற்றத்தில் நடந்தும் இறக்கத்தில் நிதானமாக ஓடியும் செல்வதே இது. இதற்கு மைதானம் வேண்டாம், பந்து வேண்டாம், எதிரணியும் வேண்டாம். வார இறுதியில் இரண்டு மணி நேரமும், கூட வர நான்கு தோழியரும், மேற்பார்வைக்கு ஒரு பெரியவரும் போதும்.

"பெண் பிள்ளைகள் மலையில் ஓடுவதா?" என்று சிலர் முகம் சுளிப்பது எங்களுக்குத் தெரியும். அவர்களிடம் பணிவோடு ஒன்று கேட்கிறோம். இந்த மலைப்பாதைகளில் நடந்து நடந்து தடம் பதித்தவர்கள் யார்? விறகுக் கட்டைத் தலையில் சுமந்து இறங்குகிற பெண்கள் அல்லவா? பூம்பாறையிலும் மன்னவனூரிலும் விடியற்காலைப் பனியில் பூண்டு வயலுக்கும் உருளைக்கிழங்கு வயலுக்கும் ஏறிப்போகிற அம்மாக்களும் அக்காமார்களும் அல்லவா? அவர்களைப் பார்த்து, "இது பெண்களுக்கு ஏற்ற பாதை அன்று" என்று ஒருவரும் சொல்வதில்லை. சுமையோடு நடந்தால் அது கடமை. சுமையில்லாமல் மகிழ்ச்சிக்காக ஓடினால் மட்டும் அது அடக்கமின்மையா? பெண்ணின் கால்களுக்கு மலை புதிதன்று. அந்தக் கால்களுக்கு ஓய்வு நேரம் கொடுப்பதுதான் நம் வீடுகளுக்குப் புதிது.

பெண்ணின் உடல் நீண்ட ஓட்டத்தைத் தாங்காது என்ற எண்ணம் நம் ஊரில் மட்டும் இருந்ததன்று. 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் நடந்தது. ஓடியவர்கள் களைத்துப் போனார்கள் என்று காரணம் காட்டி அதை நீக்கிவிட்டார்கள். மீண்டும் அது இடம்பெற்றது 1960இல்தான். 1967இல் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் கேத்ரின் ஸ்விட்சர் என்ற மாணவி எண் அட்டை அணிந்து ஓடியபோது, போட்டி அதிகாரி ஒருவரே குறுக்கே பாய்ந்து அந்த அட்டையைப் பறிக்க முயன்றார். அவரோ ஓட்டத்தை நிறுத்தவில்லை. ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மாரத்தான் முதன்முதலாக நடந்தது 1984இல். 42 கிலோமீட்டர் ஓட அனுமதி கிடைக்க எத்தனை ஆண்டுகள் பாருங்கள்!

மலைப்பாதையிலோ பெண்கள் அதற்கும் அப்பால் சென்றுவிட்டார்கள். 2019 ஜனவரியில், இங்கிலாந்தில் பென்னைன் மலைவழியே 268 மைல் தொலைவு நடைபெறும் 'ஸ்பைன்' ஓட்டத்தில் ஜாஸ்மின் பாரிஸ் என்ற கால்நடை மருத்துவர் கலந்துகொண்டார். குளிர்கால இரவுகளில் ஓடி, ஆண் பெண் அனைவரையும் முந்தி முதலாவதாக வந்தார். அப்போது அவர் கைக்குழந்தைக்குத் தாய். வழியில் தங்குமிடங்களில் குழந்தைக்காகத் தாய்ப்பாலை எடுத்து வைத்துவிட்டு மீண்டும் ஓடினார் என்பதை அறியும்போது வியப்பால் வாயடைத்துப் போகிறோம்.

அருட்சகோதரியர் மகிழ்கிற செய்தியும் ஒன்று உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த துறவி சிஸ்டர் மடோனா புடர் ஓடத் தொடங்கியது 48ஆம் வயதில். அதுவும் ஒரு குருவானவர் எடுத்துச் சொன்ன பிறகு. 2012ஆம் ஆண்டு, தம் 82ஆம் வயதில், கனடாவில் நடந்த 'அயர்ன்மேன்' போட்டியில் 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, 42.2 கிலோமீட்டர் ஓடி, குறித்த 17 மணி நேரத்துக்குள் முடித்தார். 82 வயதில் ஒரு துறவியால் இது முடியுமானால், 15 வயதில் நம்மால் ஏரியைச் சுற்றி ஓடக்கூட முடியாதா?

இனி, இதற்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, படிப்பு கெடும் என்பது. பத்தாம் வகுப்பில் அரசுப் பொதுத்தேர்வு இருப்பதை நாங்கள் மறக்கவில்லை. யாரும் மறக்க விடுவதுமில்லை! ஆனால் 5 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாள்தோறும் சராசரி 60 நிமிடமாவது நன்றாக உடலை இயக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 2016ஆம் ஆண்டு நிலவரப்படி உலகெங்கும் 11 முதல் 17 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 85 பேர் இந்த அளவை எட்டவில்லை. ஆண் பிள்ளைகளில் 78 பேர் எட்டவில்லை. தேர்வு அவர்களுக்கும் நமக்கும் ஒன்றுதான். ஆனால் சனிக்கிழமை மாலையில் தெருவில் கிரிக்கெட் ஆடுவது அண்ணன்மாரும் தம்பிமாரும்; அடுக்களையில் அம்மாவுக்கு உதவுவது நாங்கள். உதவுவது எங்களுக்குச் சுமையன்று. இருவரும் பகிர்ந்து செய்தால் இருவருக்கும் விளையாட நேரம் கிடைக்குமே என்றுதான் கேட்கிறோம்.

இரண்டாவது, வெயிலில் கறுத்துப் போவார்கள் என்பது. இதைச் சொல்லாத பாட்டி எங்கள் வகுப்பில் ஒருத்திக்கும் இல்லை! பாட்டிமாரின் அன்பை நாங்கள் அறிவோம். ஆயினும் கவலைப்பட வேண்டியது வெளுப்பைப் பற்றியா, வெளிறுவதைப் பற்றியா? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை இருந்தது. ஓட வேண்டுமானால் கீரையும் பயறும் முட்டையும் உண்டாக வேண்டும். நன்றாக உண்ண வேண்டுமானால் பசி எடுக்க வேண்டும். மலையில் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டு வந்த பெண் தட்டில் சோற்றை மிச்சம் வைப்பாளா?

மூன்றாவது, ஆபத்து. இதைச் சிரித்து ஒதுக்க முடியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குச் சென்றிருந்தவர்கள் சிக்கிக்கொண்டார்கள். 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் இளம்பெண்கள் பலர். அந்தச் செய்தியை நினைத்துத்தான் எங்கள் பெற்றோர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து நாம் கற்க வேண்டியது எது? மலைக்குப் போகாதே என்பதா? புல் காய்ந்த கோடை மாதங்களில் காட்டுக்குள் போகாதே, அனுமதியின்றிப் போகாதே, வழி அறிந்தவர் இல்லாமல் போகாதே என்பதல்லவா? அந்த விபத்துக்குப் பின் அதே 2018இல் தமிழக அரசு மலையேற்றத்துக்கென விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு செல்ல ஏற்பாடு செய்தது. ஆற்றில் ஆபத்து உண்டு என்பதற்காக நீச்சலைத் தடுப்பதா, நீச்சலைக் கற்பிப்பதா? மலையும் அப்படித்தான்.

சரி, எப்படித் தொடங்குவது? உடற்பயிற்சி ஆசிரியையிடமும் அனுபவம் உள்ளவர்களிடமும் கேட்டறிந்ததைத் தோழியருக்காகச் சுருக்கித் தருகிறோம்.

முதல் நான்கு சனிக்கிழமைகளும் நடையே போதும். 1863இல் உருவாக்கப்பட்ட நம் ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 5 கிலோமீட்டர். சுற்றுலாப் பயணிகளின் வண்டிகள் வருமுன், காலையில் அதை வேகமாக நடந்து முடிக்கப் பழகலாம். ஐந்தாம் வாரத்திலிருந்து ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிச் செல்லலாம். பக்கத்தில் வருகிற தோழியோடு பேசிக்கொண்டே ஓட முடிந்தால் அதுவே சரியான வேகம். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் நடக்க வேண்டியதுதான். பேசுவதில் நம் வகுப்புக்குப் பயிற்சி தேவையில்லை!

இதன் பிறகே மண்பாதை. ஏற்றத்தில் சிறு அடிகளாக வைத்து நடப்பதில் அவமானம் ஒன்றுமில்லை. பெரிய வீரர்களும் அப்படித்தான் ஏறுகிறார்கள். இறக்கத்தில் முழங்காலைச் சற்று மடக்கி, குறுகிய அடிகள் வைக்க வேண்டும். பார்வை காலடியில் இராமல் மூன்று நான்கு மீட்டர் முன்னே இருக்க வேண்டும். அடிப்பகுதி தேய்ந்த கான்வாஸ் ஷூ ஈரப் பாறையில் வழுக்கும். பள்ளம் பள்ளமாக வெட்டுள்ள அடிப்பகுதி பிடித்து நிற்கும். விலை உயர்ந்தது வேண்டியதில்லை. சுடிதார் அணிவோர் துப்பட்டாவை வீட்டில் வைத்துவிடலாம், அல்லது இறுகக் கட்டிக்கொள்ளலாம். மழைக்காலத்தில் அட்டை ஏறாமலிருக்க, கால்சட்டையை நீண்ட காலுறைக்குள் செருகிக்கொள்வது நல்லது. வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸுக்கு இறங்கும் பாதை வேர்களும் வழுக்குப் பாறைகளும் நிறைந்தது. அங்கே நடக்கலாம், தொடக்கத்திலேயே ஓட அது ஏற்ற இடமன்று.

பையில் அரை லிட்டர் தண்ணீர், கடலை மிட்டாய், மலைவாழைப்பழம், ஒரு விசில், ஒரு கட்டுத்துணி ஆகியவை இருக்கட்டும். போகுமிடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டே கிளம்ப வேண்டும். தனியாக ஒருத்தி போகக்கூடாது. எல்லாரிலும் மெதுவாக வருகிறவளை நடுவில் விட்டு, அவள் வேகத்திலேயே அனைவரும் செல்ல வேண்டும். காட்டுமாடு எதிர்ப்பட்டால் கத்துவதோ, ஓடுவதோ, படம் எடுக்க நெருங்குவதோ கூடாது. நின்று, ஓசையின்றிப் பின்வாங்கி, அதற்கு வழிவிட வேண்டும். காடு முதலில் அதன் வீடு. பிற்பகலில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் பத்தடி தூரத்தில் இருப்பதும் தெரியாது. ஆகவே காலை நேரமே நம் நேரம். கொண்டுபோன காகிதம் ஒன்றும் காட்டில் தங்கக்கூடாது.

இவற்றையெல்லாம் எழுதுவது எளிது. அனுமதி கிடைப்பதுதான் அரிது. ஆகவே பெரியோர்களிடம் மூன்று விண்ணப்பங்களை வைக்கிறோம்.

அன்புள்ள ஆசிரியைகளே, கால அட்டவணையில் உடற்பயிற்சி என்று எழுதியுள்ள வகுப்பு உடற்பயிற்சிக்கே இருக்கட்டும். கணக்கும் அறிவியலும் அதைக் கடன் வாங்க வேண்டாம். பல பள்ளிகளில் அப்படி வாங்கிய கடன் திரும்பி வருவதே இல்லை!

மதிப்பிற்குரிய அருட்சகோதரியரே, மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை, எங்களை மலைப்பாதைக்கு அழைத்துச் செல்லுங்கள். கோப்பையும் வேண்டாம், பரிசும் வேண்டாம். பரிசு வைத்தால் வேகமாக ஓடும் நான்கு பேர் மட்டுமே வருவார்கள். நாங்கள் கேட்பது, ஓடவே வராது என்று ஒதுங்கி நிற்கிற நாற்பது பேருக்காக.

அன்பார்ந்த பெற்றோர்களே, எங்களைத் தனியே அனுப்பத் தயக்கமாக இருந்தால் அம்மாவும் எங்களோடு வரட்டும். அம்மாமார்கள் இந்த மலையில் எத்தனையோ ஆண்டுகளாக நடக்கிறார்கள். கையில் காய்கறிப் பையோ, இடுப்பில் குழந்தையோ, தலையில் சுமையோ இல்லாமல் எத்தனை நாள் நடந்திருப்பார்கள்? ஒரு சனிக்கிழமை காலைச் சமையலை அப்பாவும் அண்ணனும் பார்த்துக்கொண்டால், அம்மாவின் கைகள் இரண்டும் வெறுமையாக வீசி நடக்கிற காட்சியை நாங்கள் பார்ப்போம். எங்கள் ஓட்டத்தைவிட அது பெரிய வெற்றி.

பொதுத்தேர்வு முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று தள்ளிவைக்க வேண்டாம். பத்துக்குப் பின் பன்னிரண்டு, பிறகு கல்லூரி, பிறகு வேலை, பிறகு திருமணம் என்று ஒவ்வொன்றும் 'பிறகு' என்றே சொல்லும். மலை எங்கும் போய்விடாதுதான். பதினைந்து வயது போய்விடுமே! வருகிற சனிக்கிழமையே தொடங்குவோம். வாருங்கள் தோழியரே!

— பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில், ஒரு மாணவி