தனி வீட்டுத் தெருவாம், எங்கய்யா இருக்கு?

போன ஞாயித்துக்கிழமை எங்க தெருவுல சங்கக் கூட்டம். மூலை சைட்டுல ஒருத்தர் நாலு வீடு கட்டப் போறாராம். "இது தனி வீடுங்க இருக்கிற ஏரியா. கண்டவனும் குடி வருவான், போர்ல தண்ணி போயிடும்"னு மனு எழுதி ஆளாளுக்குக் கையெழுத்து வாங்கினாங்க. நான் போடலை. ஏன்னு சொல்ல வாயைத் திறந்தா டீ குடுத்து உட்கார வெச்சுட்டாங்க. அதான் இங்க கொட்டறேன்.

(சென்னை மக்களுக்கு: ஓசூர்ல கிரவுண்டு கணக்கெல்லாம் எடுபடாது. பெங்களூரு பாஷையில 'சைட்'தான். இந்த மூலை சைட் நாற்பதுக்கு அறுபது, 2400 சதுர அடி. உங்க கணக்குல சரியா ஒரு கிரவுண்டு.)

கையெழுத்துப் போட்டவங்க வீட்டையே எண்ணிப் பார்ப்போமா? கீழே ஓனர். முதல் மாடியில ரெண்டு போர்ஷன். அதுக்கு மேல ஷிப்டு பசங்க ஆறு பேர். மொட்டை மாடியில ஷீட் போட்ட ரூமுல ஒடிசாக்காரங்க மூணு பேர். இதுக்குப் பேரு தனி வீடு! அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன்னு எண்பதுகள்ல கம்பெனிங்க வந்தப்ப ஆரம்பிச்ச கதை, இப்ப டாடா எலெக்ட்ரானிக்ஸ் வரைக்கும் ஓடுது. வாடகை இனிக்குது, வாடகை குடுக்கிறவன் மட்டும் கண்டவன்.

ஆக, பல குடும்பம் ஒரே சைட்டுல இருக்கலாமாங்கறது கேள்வியே இல்லை. ஏற்கெனவே இருக்காங்க. ஒழுங்கா ஒரு பிளான் போட்டுக் கட்டினா மட்டும்தான் நமக்கு ஆகாது.

கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்துல இருக்கிற ஊருங்க இது. ரெண்டு பக்கம் ஜன்னல் இருந்தா ராத்திரி ஏசி எதுக்கு? நாம என்னடான்னா சுவரோட சுவரை ஒட்டிக் கட்டி, நடு ரூமுக்குப் பட்டப்பகல்ல டியூப்லைட் போடறோம். அந்த மூலை சைட்டுல நாலு பக்கமும் இடம் விட்டு, தரையில வண்டிங்க, மேல ரெண்டு தளம், தளத்துக்கு ரெண்டு வீடு, நடுவுல திறந்த படிக்கட்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் மூணு பக்கம் காத்து. 2019 கட்டட விதிப்படி தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது 4800 சதுர அடி வரைக்கும் கட்டலாம். இவருக்கு 2800 போதும்.

தண்ணியா? மொட்டை மாடி 1400 சதுர அடி, 130 சதுர மீட்டர். வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் மழைன்னு வெச்சு, அதுல எண்பது சதவீதம் பிடிச்சாலே 83,000 லிட்டர். ஆளுக்கு நாளைக்கு 100 லிட்டர்னா பதினாறு பேருக்கு அம்பது நாள் தண்ணி. மழைநீர் சேகரிப்பை 2003லயே கட்டாயமாக்கினாங்க. நம்ம தெருவுல அது ஒரு பைப்பை மண்ணுல சொருகினதோட சரி. நிலத்தடி நீர்ல ஃப்ளோரைடுன்னுதானே 2013ல ஒகேனக்கல் தண்ணி வந்துச்சு? அப்புறமும் வீட்டுக்கு வீடு போர் போட்டவங்க தண்ணியைப் பத்திப் பேசறாங்க.

"தொழிலாளிங்களுக்கு அரசாங்கம் ஹாஸ்டல் கட்டட்டும்"னார் செயலாளர். கட்டறாங்களே. 2021 டிசம்பர்ல பூந்தமல்லி விடுதிச் சாப்பாடு விஷமாகி பொண்ணுங்க நெடுஞ்சாலையில உட்கார்ந்தாங்க. 2024ல வல்லம் வடகால்ல சிப்காட் மூலமா 18,720 பெண்களுக்குத் தங்குமிடம் திறந்தாங்க. நல்ல விஷயம்தான். ஆனா படுக்கை வேற, வீடு வேற சார். அந்தப் பொண்ணு கல்யாணம் பண்ணிக் குழந்தையோட வந்தா எங்க போவா? நம்ம தெருவுக்குத்தான் வரணும்.

இதெல்லாம் புதுசும் இல்லை. திருவல்லிக்கேணி ஸ்டோர் வீடுங்கள்ல பத்துக் குடித்தனம் ஒரே முற்றத்துல குடும்பம் நடத்துச்சு. கக்கூஸ் வாசல்ல க்யூன்னு தாத்தா புலம்புவார், அது வாஸ்தவம். நவி மும்பை பேலாப்பூர்ல சார்லஸ் கொரியா எண்பதுகள்ல கட்டினதுல அந்தக் குறை இல்லாம ஏழேழு வீட்டுக்கு நடுவுல ஒரு முற்றம். பக்கத்து வீட்டுச் சுவரோட ஒட்டாததால, அவங்கவங்க வசதிப்படி பிறகு கட்டிக்கலாம். நாலு வீட்டுக்கு அந்த மாதிரி யோசிக்க ஒரு நல்ல இன்ஜினியரும் ஓனரோட பொறுமையும் போதும். மனுவுக்கு ஓடின ஓட்டத்துல பாதி இதுக்கு ஓடியிருக்கலாம்.

டிஸ்கி: என் மாடி போர்ஷன்லயும் நடு ரூமுக்கு ஜன்னல் இல்லை. "வாடகைக்குத்தானே"ன்னு மேஸ்திரிகிட்ட வேண்டாம்னு சொன்னது அடியேன்தான். இந்த மாசம் சுவரை உடைச்சு ஒண்ணு வெக்கறேன். பக்கத்து வீட்டுச் சுவர் ஒன்றரை அடியில நிக்குது.