விடுதலையானவருக்கு வீடு எங்கே?



செய்வது இன்னதென்று அறியாத அளவுக்குச் சித்தசுவாதீனம் இழந்தவரின் செயல் குற்றமாகாது என்று 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை, 77ஆம் பிரிவில் கூறுகிறது. தெளிவு வரும்வரை அவர்மீது தொழுகையும் நோன்பும்கூடக் கடமையில்லை என்பது நம் மார்க்கச் சட்டம்.

இத்தகையோருக்கு அங்கொடை மனநல நிறுவகத்தில் தனிப் பிரிவு உண்டு. அங்கே குளிசையும் ஊசியும் நோயைத் தணிக்கும். மீதிச் சுகம் நம் கையில்தான்.

பெரியமடுவிலிருந்து கொழும்புப் பக்கம் போய்வர, கூலிவேலைக் குடும்பத்துக்கு பஸ் காசே பெரும்பாடு. 1990இல் வெளியேற்றப்பட்ட நம்மவர் பலரின் குடும்பங்கள் இன்றும் புத்தளத்தில் பாதி, இங்கே பாதி. யார் போய்ப் பார்ப்பது? பார்க்க வருவோர் குறையக் குறைய, நோயாளியின் மனம் உடைகிறது.

1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டப்படி, பிணை கொடுத்து உறவினர் அவரைப் பொறுப்பேற்கலாம். ஆனால், "குமர் இருக்கிற வீடு, அவனைக் கூட்டிவந்தால் யார் பெண் கேட்டு வருவார்?" என்ற பேச்சு கதவை அடைத்துவிடுகிறது. சுகமானவரும் வார்டிலேயே முடங்குகிறார்.

வீடு வந்தவரைப் பட்டப்பெயரால் அழைக்காதீர்கள். சஹனில் சேர்த்து உட்கார வையுங்கள். கைக்கு ஒரு வேலை கொடுங்கள். ரமழானில் குளிசையை நிறுத்த விடாதீர்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. தூக்கம் கெட்டால், மருந்தை மறுத்தால், தண்ணீர் ஓதிக் கொடுப்பதோடு நின்றுவிடாமல் அன்றே கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

உங்கள் வீட்டு ஆண்கள் ஜமாஅத் கூட்டத்துக்குப் போகும்போது ஒன்றைச் சொல்லியனுப்புங்கள்: அங்கொடையில் பிள்ளையை வைத்திருக்கும் ஏழை உம்மாவின் பயணச் செலவை ஊர் ஏற்கட்டும்.

அல்லாஹ் நம் உள்ளங்களை விசாலமாக்குவானாக!