பழந்துப்பாக்கியும் ஆயுதச் சட்டமும்

பரணிலிருந்து பாட்டனாரின் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை இறக்கிய சேலம் ஜில்லா மிராசுதாரர் ஒருவர், அதைச் செப்பனிட்டு வைத்துக் கொள்ளலாமா என்று வக்கீலைக் கேட்பதாக வைத்துக் கொள்வோம். வக்கீல் சொல்லக்கூடிய விடை நேயர்களைத் திடுக்கிடச் செய்யும்.

1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி லைசென்ஸின்றித் துப்பாக்கி செய்வது மட்டுமன்று, பழுதுபார்ப்பதும் குற்றம். 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்திற்குப் பின் அதற்குரிய குறைந்தபக்ஷத் தண்டனை ஏழு வருஷச் சிறை, உச்சம் ஆயுள். பழுதுபார்த்தாலும் சுடவியலாத பழம்பொருளுக்கு 45-ஆம் பிரிவு விலக்களிக்கிறது. எனவே குழல் இற்றுப்போன துப்பாக்கிக்கு அபயம் உண்டு, நன்றாயுள்ளதற்கு இல்லை! இதனால் நேர்வது யாது? அஞ்சியவன் அதைக் கிணற்றில் எறிகிறான். அஞ்சாதவன் இரகசியமாகக் கொல்லனிடம் கொடுத்துச் சுட்டுப் பார்க்கிறான். முதலாவதில் சரித்திரம் போகிறது; இரண்டாவதில் குழல் வெடித்துக் கை போகலாம்.

1801-ல் பாளையக்காரரை நிராயுதராக்கிய கும்பினியாரும், 1878-ல் ஐரோப்பியருக்கு விலக்களித்து இந்தியரைக் கட்டுப்படுத்திய லிட்டன் பிரபுவும் நம்மை நம்பவில்லை. ஒழுங்கு விதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்திருப்பது பிரஜையின் உரிமை என்று 1931-ல் கராச்சிக் காங்கிரஸ் தீர்மானித்தது. சுதந்திர சர்க்காரின் சட்டமும் பயிர்ப் பாதுகாப்புக்கு இத்தகைய துப்பாக்கியை அனுமதிக்கவே செய்கிறது. கொல்லிமலையிலும் கல்வராயன் மலையிலும் களவாகச் செய்யும் நாட்டுத் துப்பாக்கிகளுக்கு நாம் பரிந்து பேசவில்லை. அவற்றால் மானும் மனிதரும் மடிவதை அறிவோம்.

செப்பனிடுதல் பளபளப்பாக்குதலன்று. முதலில் கெஜக்கோலைக் குழலினுள் விட்டு, உள்நீளத்தையும் வெளிநீளத்தையும் ஒப்பிட வேண்டும். குறைந்தால் பழைய மருந்து உள்ளேயே இருக்கக்கூடும். கருமருந்து நூறாண்டு கடந்தும் தீப்பற்றும். அத்தகையதை நெருப்பருகே கொண்டுபோகாமல் அதிகாரிகளிடம் ஒப்புவிப்பதே முறை. துருவை எண்ணெயிட்டு மெல்ல எடுக்க வேண்டும். உப்புத்தாளும் திராவகமும் கூடா. குழலின் பழுப்பு நிறம் பெரும்பாலும் தொழிலாளி வேண்டுமென்றே ஏற்றி நிறுத்திய துருவேயாகும்! அதைச் சுரண்டுவோர் அழுக்கை நீக்குவதாக எண்ணி வேலைப்பாட்டையே நீக்குகின்றனர். விசைப்பொறித் தகட்டில் கும்பினியின் இதய முத்திரையிருந்தால் பெரும்பாலும் 1808-க்கு முற்பட்டது, சிங்கமாயின் பிற்பட்டது. அரத்தால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் அந்தச் சாக்ஷியமும் போயிற்று. கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் போதும், வார்னிஷ் வேண்டாம்.

துடைப்பது எங்கே முடிந்து பழுதுபார்ப்பது எங்கே தொடங்குகிறதென்று சட்டம் வரையறுக்கவில்லை. அதைப் போலீஸ் உத்தியோகஸ்தரின் அபிப்பிராயத்திற்கு விடுவது நியாயமன்று. சுடாத நிலையில் பாதுகாக்கும் பழந்துப்பாக்கிகளைக் கலெக்டரிடம் பதிவு செய்து, சேலம் அரசாங்க மியூசியத்தின் மேற்பார்வையில், லைசென்ஸ் பெற்ற தொழிலாளியைக் கொண்டு செப்பனிட இடமளிக்கட்டும். புதுச் சட்டம் தேவையில்லை. பொதுநலன் கருதி விலக்களிக்கும் அதிகாரத்தை 41-ஆம் பிரிவு மத்திய சர்க்காருக்கு ஏற்கெனவே தந்திருக்கிறது.